பதினேழாம் ரூட்டின் முதல் ‘வேணாம்’

நிமிடத்துக்கு நூற்று எழுபத்திரண்டு சொற்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணிச் சொன்ன கணக்கு இது. எண்ணப்பட்டவருக்கு வயது முப்பத்து நான்கு, பஸ் கண்டக்டர் வேலையில் பதினொரு வருட அனுபவம். டெப்போவில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

பயணி ஏறும்போது பேசுவார், இறங்கும்போதும் பேசுவார். நடுவில் யாரும் ஏறாவிட்டால் டிரைவரோடு பேசுவார். டிரைவர் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பதிலையும் தானே சொல்லிக்கொள்வார். வீட்டில் கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஆள் இல்லாத பெட்டிக்குள் நின்று வேலை செய்வதால்தான் இந்தக் கல்யாணம் நிலைத்திருக்கிறது என்று அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் வாயை மூடக் கற்றுக்கொண்ட கதை ஒரு சக கண்டக்டரின் பக்கவாதத்தில் தொடங்குகிறது.

அவரை எல்லோரும் ‘பதினேழார்’ என்பார்கள். பதினேழாம் நம்பர் ரூட்டிலேயே இருபத்திரண்டு வருடம் ஓடியவர். ஐம்பத்தோரு வயது. ஜனவரியில் ஒரு காலை ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கையில் பலம் குறைந்திருந்தது, கால் சற்று இழுத்தது. பேச்சு மட்டும் போயே போய்விட்டது. எதிரில் இருப்பவர் சொல்வது முக்கால்வாசி புரியும், முகத்தைப் பார்த்தாலே அது தெரியும். ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

மருத்துவ விடுப்பு மூன்று மாதம். அது முடியும் நாளில் மெடிக்கல் போர்டு கூடும். டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற இலகு வேலை ஏதாவது செய்ய முடியும் என்று போர்டு எழுதினால் வேலை உண்டு, முடியாது என்று எழுதினால் வீடுதான். பதினேழாருக்கு இது தெரியும். வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்கு எழுந்து, யூனிஃபார்ம் சட்டையை இடது கையால் இருபது நிமிடம் போராடிப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வரை அந்தச் சட்டையைக் கழற்ற மாட்டார். அவர் மனைவி அதைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, பிறகு துவைத்துப் போடத் தொடங்கினார்.

பதினேழாம் ரூட்டைத் தற்காலிகமாக ரேடியோவிடம் கொடுத்திருந்தார்கள். பதினேழாரின் லாக்கரிலிருந்த பிளாஸ்க், சீப்பு, விசில் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனார். போனவர் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, உங்க ரூட்ல பாசஞ்சருங்க என்னை மதிக்கவே மாட்டேங்கறாங்க. ஸ்டாப் பேரை நீங்க சொல்ற மாதிரி சொல்லலையாம். எப்படிச் சொல்லுவீங்க? பஸ் ஸ்டாண்ட், தபால் ஆபீஸ்...”

“கோர்ட்” என்றார் பதினேழார்.

சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது.

“கோர்ட், பெண்கள் ஸ்கூல், கலெக்டர் ஆபீஸ், பழைய பாலம்...” பதினேழார் நிற்கவில்லை. ராகம் உட்பட அப்படியே வந்தது. இருபத்தாறு நிறுத்தங்களையும் தாண்டி, கடைசி நிறுத்தமான காலனியில் “எல்லாரும் இறங்குங்க” என்பது வரை சொல்லி முடித்துவிட்டு, எதிரில் இருந்தவர்களைவிட அதிகமாக அவரே திகைத்துப் போனார்.

“பேச்சு வந்துடுச்சு!” என்று மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். “ஏங்க, என் பேரைச் சொல்லுங்க!”

பதினேழார் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி முயன்றார். “பஸ் ஸ்டாண்ட்” என்று வந்தது.

“பரவாயில்லை, பஸ் ஸ்டாண்டாவே இருந்துட்டுப் போறேன்” என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இங்கேதான் ரேடியோவுக்கு ஒரு யோசனை உதித்தது. பஸ்ஸில் வேலை செய்யாத யாருக்கும் இது தோன்றியிருக்காது. இருபத்தாறு நிறுத்தம் என்றால் இருபத்தாறு வார்த்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பொருள் வைத்துவிட்டால் வேண்டியதை எல்லாம் கேட்டுவிடலாமே? ஒன்பதாவது நிறுத்தம் தண்ணீர்த் தொட்டி, அது தண்ணீர். பதினான்காவது பால் பண்ணை, அது டீ. ஆஸ்பத்திரி ஸ்டாப் மாத்திரைக்கு. கோர்ட்டுக்கு என்ன பொருள் என்று அரை மணி நேரம் விவாதித்து, மூக்குக்கண்ணாடி என்று முடிவு செய்தார்கள். இருபத்திரண்டாவது நிறுத்தம் மில் கேட். அந்த ரூட்டில் ஓடுகிற எல்லோருக்கும் அங்கே ஒரு கழிப்பறை இருப்பது தெரியும். எனவே மில் கேட் என்றால் பாத்ரூம்.

பதினேழாரின் மைத்துனர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். அன்று மாலையே இருபத்தாறு பொருளையும் இரண்டு வண்ணத்தில் அட்டவணையாக அச்சடித்து, லேமினேட் செய்து, சுவரில் மாட்டிவிட்டார். அறைக்கு ஒன்று வீதம் மாட்டினார். மாடி வீட்டுக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்.

இரண்டாம் நாளே சிக்கல் தெரிந்தது. பதினேழாரால் நடுவிலிருந்து தொடங்க முடியாது. எது வேண்டுமென்றாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் கிளம்பியாக வேண்டும். தண்ணீருக்கு ஒன்பது நிறுத்தம் பொறுக்கலாம். பாத்ரூமுக்கு இருபத்திரண்டு நிறுத்தம் பொறுக்க முடியுமா?

“ரிட்டர்ன் ட்ரிப்புல வரச் சொல்லுங்க அண்ணி” என்று ரேடியோ போனில் வழி சொன்னார். “காலனியில இருந்து கிளம்பினா மில் கேட் அஞ்சாவது ஸ்டாப். நேரா போயிடலாம்.”

அடுத்த சிக்கல், பதினேழாரால் நிறுத்த முடியவில்லை. தொடங்கினால் கடைசி வரை போய்விடுவார். தண்ணீர்த் தொட்டியில் தம்ளரை நீட்டினாலும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். இதற்கும் ரேடியோவிடம் மருந்து இருந்தது. விசில். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம் வீண் போகவில்லை. ஒரு விசிலுக்குப் பதினேழார் அப்படியே நின்றார்.

அதன்பின் ஐந்து வாரம் அந்த வீட்டில் விசில் சத்தம் ஓயவில்லை. தெருவில் ஸ்கூட்டரில் போன இரண்டு பேர் பிரேக் போட்டு ஓரம் கட்டியதாக மாடி வீட்டுக்காரர் புகார் சொன்னார். ரேடியோ வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய்விடுவார். போர்டுக்குத் திட்டமும் தயாராகிவிட்டது. பதினேழார் முன்னால் உட்கார்ந்து நிறுத்தங்களை மளமளவென்று சொல்வார். ரேடியோ பின்னால் நின்று, கேள்விக்கேற்ற இடத்தில் இருமுவது போல விசில் அடிப்பார்.

“டாக்டருங்க அசந்து போயிடுவாங்க” என்றார் மைத்துனர். “மாமா மாதிரி தெளிவா ஸ்டாப் சொல்ல அவங்களாலேயே முடியாது.”

போர்டு கூடுவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க முறை வந்தது. அந்தப் பெரிய கட்டடத்துக்கே ஒரே தெரபிஸ்ட், வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அறை என்பது முன்பு படுக்கை விரிப்பு அடுக்கி வைத்திருந்த இடம். உள்ளே ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. தெரபிஸ்டுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அவரைப் பார்த்ததும் மைத்துனர், “டாக்டரம்மா எப்போ வருவாங்க பாப்பா?” என்று கேட்டுவிட்டார்.

“பாப்பா வந்தாச்சு, உக்காருங்க” என்றார் அவர்.

லேமினேட் அட்டவணை மேசைக்கு வந்தது. ரேடியோ அதைப் பற்றி விளக்கத் தொடங்கினார். ரிட்டர்ன் ட்ரிப், விசில், மில் கேட் எல்லாம் சொன்னார். தெரபிஸ்ட் ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஒரு நிமிடம் கழித்துத்தான் அந்த நூற்று எழுபத்திரண்டைச் சொன்னார்.

“அதிகமா மேடம்?”

“எனக்கு அதிகம். அவருக்கு ரொம்ப ரொம்ப அதிகம்.” தெரபிஸ்ட் நாற்காலியைப் பதினேழாருக்கு அருகில் இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். பதினேழார் இடது கையால் வாங்கிக் குடித்தார். உடனே இன்னொரு தம்ளர் நீட்டினார். அதையும் குடித்தார். மூன்றாவதை நீட்டியபோது பதினேழாரின் முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது. வாங்கினார்.

“போதும், குடிக்காதீங்க” என்று தெரபிஸ்ட் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் குடிக்கறாரு?”

மனைவி விரலை மடக்கி எண்ணினார். “பதினெட்டு, இருபது இருக்கும். நல்லா கேட்டு வாங்கிக் குடிக்கறாரு.”

“அவர் கேக்கலைங்க. அவர் ரூட்டைச் சொல்றாரு. வாய்ப்பாடு, பாட்டு, கெட்ட வார்த்தை, ஸ்டாப் பேரு, இதெல்லாம் பல வருஷமா சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆனது. ஆரம்பிச்சா தானா வந்துடும். இது வேணும்னு அவரா தேடி எடுக்கற வார்த்தை வேற. அது இன்னும் வரலை. அவர் ஒவ்வொரு தடவை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போதும் நீங்க விசில் அடிச்சுத் தண்ணி கொடுத்திருக்கீங்க. வேணாம்னு சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை, தலையை ஆட்டினா யாரும் பார்க்கலை. குடிச்சுட்டாரு.”

 பதினேழார் கண்ணை மூடி, மிக மெதுவாகத் தலையை ஆட்டினார். ஐந்து வாரமாக இதைச் சொல்லத்தான் அவர் பாடுபட்டிருக்கிறார்.

மனைவிக்கு இன்னொன்று உறைத்தது. “அடக் கடவுளே! அதனாலதான் அடிக்கடி மில் கேட்டுக்குப் போயிட்டிருந்தாரா?”

ரேடியோவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது. பக்கத்தில் தண்ணீர் இருந்தும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“அப்போ என்ன செய்யணும்?” என்று ரேடியோ கேட்டார்.

“ரெண்டு பொருளைக் காட்டுங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”

“அவரா?”

“நீங்க.”

ரேடியோ அங்கேயே முயன்று பார்த்தார். ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் துண்டு. “எது வேணும்ணே?” என்று கேட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. “சீப்பா அண்ணே? தலை கலைஞ்சிருக்கு பாருங்க” என்று வந்துவிட்டது. மறுபடி கேட்டார். இந்தமுறை நான்கு வரை தாங்கினார்.

“பஸ் கிளம்பி ஓடிட்டே இருந்தா அவர் எப்படி ஏறுவாரு?” என்றார் தெரபிஸ்ட்.

“ஏறமாட்டாரு. ஓடற பஸ்ல ஏறினா நான்தான் முதல்ல திட்டுவேன்” என்று ஒப்புக்கொண்டார் ரேடியோ.

அன்று வீட்டுக்கு வந்ததும் அட்டவணைகளைக் கழற்றினார்கள். மைத்துனர், “ஒரே ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே, நல்ல பேப்பர்” என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

பத்து வரை எண்ணுவது கேட்க எளிது. ரேடியோ முதல் வாரம் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டே எண்ணினார். ஆறு வந்தால் கால் ஆடும், எட்டு வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். “பக்கவாதம் வந்தவர்கூட இவ்வளவு கஷ்டப்படலை. இந்தத் தங்கச்சிதான் கஷ்டப்படுது” என்றார் பதினேழாரின் மனைவி.

பன்னிரண்டாவது நாள், ஒரு கையில் தண்ணீர்த் தம்ளரும் ஒரு கையில் செய்தித்தாளுமாக ரேடியோ நின்றார். கேட்டார். எண்ணினார். பத்து வந்தது. பதினேழாரின் உதடு அசைவதுபோல இருந்ததால் மேலும் எண்ணினார். பதினான்கில், தம்ளரைப் பார்த்து, யாரோ உள்ளேயிருந்து கல்லைப் புரட்டித் தள்ளுவதுபோல, “வே... வேணாம்” என்று வந்தது.

ராகம் இல்லாமல், எந்த நிறுத்தத்தின் பெயராகவும் இல்லாமல், அவரே தேடி எடுத்த வார்த்தை.

மனைவி சமையலறை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தார். “இருபத்தெட்டு வருஷத்துல நான் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிட்டவரு. முதல் பேச்சே வேணாமா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

பதினேழார் அன்று அதை ஒன்பது முறை சொன்னார். செய்தித்தாளையும் வேணாம் என்றார். மைத்துனர் வந்ததும் அவரையும் வேணாம் என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு நிறுத்தங்களுக்கு ரேடியோ யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பதினான்கு விநாடி திரும்பத் திரும்ப நினைவில் வந்துகொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “ரேடியோ, பேட்டரி தீர்ந்துபோச்சா?” என்று கத்தினார். பதில் வரவில்லை. டிரைவர் பயந்து போய் பஸ்ஸை ஓரம் கட்டினார்.

அதே வாரத்தில்தான் ஒரு வங்கிக்காரப் பெண்ணை அவர் புதிதாகப் பார்த்தார். ரேடியோ இந்த ரூட்டுக்கு வந்த நாள் முதல் தினமும் ஏறுகிற பயணி அவர். வேலை செய்யும் வங்கி மார்க்கெட் நிறுத்தத்தில் இருக்கிறது. ஆனால் டிக்கெட் கேட்பது அடுத்த நிறுத்தமான தியேட்டருக்கு. அங்கே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவார். இதைக் கிறுக்கு என்றே ரேடியோ நினைத்திருந்தார். இப்போது உதட்டைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் உதடுகள் முதலில் ‘ம’வுக்காக ஒட்டிக்கொள்கின்றன. திறக்க மறுக்கின்றன. பிறகு சட்டென்று விலகி, “தியேட்டர்” என்கின்றன. திக்கிய வார்த்தையை விட்டுவிட்டு, வாயில் எளிதாக வருகிற வார்த்தைக்குப் பயணம் செய்துகொண்டிருந்தார் அவர்.

மறுநாள் அந்தப் பெண்ணின் உதடு ஒட்டியபோது ரேடியோ டிக்கெட் கிழிக்கவில்லை. அவசரப்படவில்லை. வேறெங்கும் பார்க்கவும் இல்லை. பின்னால் ஒருவர், “என்னம்மா, டிக்கெட்டை இப்பதான் அச்சடிக்கறீங்களா?” என்றார்.

“உங்க ஸ்டாப் எங்கேயும் ஓடிடாது, கொஞ்சம் நில்லுங்க” என்றார் ரேடியோ, தலையைத் திருப்பாமல்.

எட்டாவது விநாடியில், நான்கைந்து ‘ம’ சேர்ந்து, “மார்க்கெட்” வந்தது. டிக்கெட் கிழிந்தது. அந்தப் பெண் வங்கி வாசலிலேயே இறங்கினார். நன்றி எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் மார்க்கெட்டுக்கே கேட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரேடியோ தெரபிஸ்டிடம் கேட்டார்: “மேடம், இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?”

“நாலு வருஷ டிகிரி. பன்னிரண்டாவதுல சயன்ஸ் எடுத்திருந்தீங்களா?”

“பயாலஜி. தவளையை அறுக்கும்போது மயக்கம் போட்டு விழுந்தேன். தவளை எழுந்துபோச்சு.”

“விண்ணப்பத்துல அதைக் கேக்க மாட்டாங்க” என்றார் தெரபிஸ்ட்.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “பதினொரு வருஷமா பேசறதுக்குச் சம்பளம் வாங்கறே. இப்ப பேசாம இருக்கறதுக்கு நாலு வருஷம் படிக்கணுமா?”

“ஆமா.”

கணவர் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. “ஒரே வார்த்தையா?” என்று தட்டை நகர்த்தி வைத்தார். “அப்போ விஷயம் சீரியஸ்தான்.”

போர்டு கூடிய நாள் காலையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சண்டை. மைத்துனர் விசிலோடு வந்திருந்தார்.

“ஸ்டாப் சொல்லட்டும், தங்கச்சி. அதுதான் நல்லா வருது. ‘வேணாம்’னு மட்டும் சொன்னா, வேலை வேணாம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க!”

இந்தப் பயம் ரேடியோவுக்கும் இருந்தது. இதற்குள் பதினேழாரிடம் ஏழெட்டு வார்த்தைகள் வந்திருந்தன. ‘ஆமா’ என்பதும் ‘வேணாம்’ என்பதும் சில நேரம் இடம் மாறி விழும். இருபத்தாறு நிறுத்தங்களைச் சொன்னால் டாக்டர்கள் நிச்சயம் அசந்துவிடுவார்கள். ஆனால் அசந்து எழுதிக் கொடுக்கிற வேலையில் முதல் நாளே மாட்டிக்கொள்ளப் போவது யார்?

“அண்ணே, நீங்க சொல்லுங்க” என்று இரண்டு கைகளையும் நீட்டினார். “ஸ்டாப் சொல்றீங்களா? இல்ல, நீங்களா பேசறீங்களா?” எண்ணத் தொடங்கினார். ஏழில், பதினேழார் மைத்துனரின் கையிலிருந்த விசிலை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டு, பித்தானையும் போட்டுக்கொண்டார்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவருக்கு முன்னால் இன்னும் பதினாறு கோப்புகள் இருந்தன. தலை நிமிராமல், “பேரு என்ன, வயசு என்ன, என்ன வேலை பார்த்தீங்க, இப்ப கை எப்படி இருக்கு, வேலைக்கு வர இஷ்டமா?” என்று ஒரே மூச்சில் கேட்டார்.

“சார், ஒவ்வொண்ணா கேளுங்க. கேட்டுட்டு பத்து எண்ணுங்க” என்றார் ரேடியோ.

டாக்டர் நிமிர்ந்தார். “நான் டாக்டரா, நீங்க டாக்டரா?”

“நீங்கதான் சார். நான் கண்டக்டர். ஒரே நேரத்துல எல்லாரும் ஏறினா வாசல்ல அடைச்சுக்கும், அவ்வளவுதான் சொன்னேன்.”

பக்கத்து டாக்டர் இருமலை மறைத்தார். நடுவிலிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். “சரி. டெப்போவுல தவறவிட்ட பொருள் வைக்கிற அறை காலியா இருக்கு. ஒருத்தர் வந்து குடையைக் காணோம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?”

ரேடியோ நகத்தை உள்ளங்கையில் பதித்துக்கொண்டு எண்ணினார். பதினேழாரின் வாய் திறந்தது. “பஸ் ஸ்டாண்ட்” என்று வந்தது. மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டார். பதினேழார் தானே கையை வீசி, இல்லை, அதில்லை என்று காட்டினார். ரேடியோ ஏதோ சொல்ல நாக்கை எடுத்து, திரும்ப உள்ளே வைத்தார்.

பதினேழார் எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு கதவு மூலைக்குப் போய், அங்கே சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்து வந்தார். அது நடு டாக்டரின் குடை. டாக்டர் கை நீட்டினார். பதினேழார் கொடுக்கவில்லை. குடையின் கைப்பிடியைத் தன் பக்கம் மறைத்துக்கொண்டு, அதில் என்ன நிறம் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

“கறுப்புக் கைப்பிடி. ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருக்கும்” என்றார் டாக்டர், தன்னையறியாமல்.

பதினேழார் சரிபார்த்தார். இடது கையால் மேசையிலிருந்த பேனாவை டாக்டரிடம் நகர்த்தினார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“கை... கையெ... கையெழுத்து.”

டாக்டர் தன் கோப்பிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டார்.

ஆறு மாதத்துக்கு இலகு வேலை, அதன்பின் மறுபரிசோதனை என்று எழுதினார்கள். பதினேழார் ஏப்ரல் கடைசியிலிருந்து டெப்போவின் தவறவிட்ட பொருள் அறையில் உட்காருகிறார். தெரபிஸ்டிடம் வாரம் ஒருமுறை போகிறார். வார்த்தைகள் நாற்பதைத் தாண்டியிருக்கின்றன. மனைவியின் பெயர் இன்னும் வரவில்லை. தினமும் முயல்கிறார்கள்.

ரேடியோவின் விண்ணப்பத்தைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. டெப்போ இரண்டு வருடத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு கொடுத்திருக்கிறது. மீதி இரண்டு வருடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வகுப்பில் முப்பத்தெட்டு பேர். இவருக்கு அடுத்து மூத்தவருக்கு வயது இருபது. முதல் வகுப்பு வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பாடம், தலை மற்றும் கழுத்தின் உடற்கூறியல்.